பச்சைக்கு நடுவில் நீலம்

ஹெப்சியைப் பற்றி யாராவது "அவ நல்ல பொம்பளை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். நல்ல பொம்பளையாம்! ரேஷன் கடை முன்னால் நிற்கிற வரிசையில் பத்துப் பேருக்கு எட்டுப் பேர் நல்ல பொம்பளைதான். அவளைப் பற்றிச் சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன். என் பெயர் பொன்மலர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஆள் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசில் பதினாறு வருஷம் டைப் அடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாய் செய்த வேலையும் இதில் வரும். மறைக்கப்போவதில்லை.

ஹெப்சி பள்ளிகொண்டாக்காரி. பத்தாவது வரை தமிழில் படித்தவள். 1991இல் கம்பெனி பஸ் ஏறி வந்து, ஜோடி சேர்க்கிற மேசையில் உட்கார்ந்தாள். ஷூவின் மேல் தோலை நாங்கள் அப்பர் என்போம். இடது கால் அப்பரும் வலது கால் அப்பரும் ஒரே நிறமாக, ஒரே வழவழப்பாக, ஒரே சுருக்கமாக இருக்க வேண்டும். கறுப்பு என்றால் ஒரே கறுப்பு என்று வெளியாட்கள் நினைப்பார்கள். ஒரே நாள் சாயத்தில் முப்பது கறுப்பு வரும். ஹெப்சி விரலால் தடவிப் பார்த்தே இதற்கு இதுதான் ஜோடி என்று எடுத்து வைத்துவிடுவாள். அவள் மேசையிலிருந்து போன பெட்டி ஒன்றுகூட ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்ததில்லை.

அந்தப் பழக்கம் அவளுக்கு எலும்புவரை ஊறியிருந்தது. கேன்டீனில் டம்ளரைக்கூட இரண்டிரண்டாகத்தான் கவிழ்ப்பாள். "உன் வூட்டுக்காரரு லாரி எடுத்துக்கினு நாக்பூர் போனா ஜோடி பிரிஞ்சுதுன்னு அழுவியாடி?" என்று நான் சீண்டுவேன். "அது ரிஜெக்ட் பீஸு. தனியா எங்க வச்சாலும் கெடக்கும்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள், எங்களுக்கு வயிறு வலிக்கும்.

1998இல் கம்பெனிக்கு நெட்வொர்க் வந்தது. கம்ப்யூட்டர் செக்ஷனைப் பார்த்துக்கொண்டவர் இஷ்தியாக் அகமது. தணிந்த குரல்காரர், யாரையும் அதட்டமாட்டார். கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லா இடத்துக்கும் கேபிள் இழுத்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கனெக்டரை மாட்ட வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஆள் பாதி வேலையில் ஓடிவிட்டான். கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். அவற்றை வரிசையாக அடுக்கி, கனெக்டருக்குள் செலுத்தி, கருவியால் ஒரு நசுக்கு நசுக்க வேண்டும். இஷ்தியாக் சாருக்கு விரல் தடிமன். கம்பி நிற்கவே நிற்காது. "பொறுமையான கை யாருக்காவது இருக்கா?" என்று தையல் ஹாலில் வந்து கேட்டார். எல்லா விரலும் ஹெப்சியைக் காட்டின.

ஓடிப்போனவன் ஒரு படத்தை விட்டுப் போயிருந்தான். எந்த நிறக் கம்பி எந்த இடத்தில் என்று அதில் வரைந்திருந்தது. கம்பிகள் நான்கு ஜோடி: ஆரஞ்சும் அதன் வெள்ளைக்கோட்டுக் கம்பியும், பச்சையும் அதன் வெள்ளைக்கோட்டுக் கம்பியும், அப்படியே நீலம், பழுப்பு. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வரும். ஹெப்சி படத்தைப் பார்த்தாள். ஆரஞ்சு ஜோடி சரி. அடுத்துப் பச்சை-வெள்ளை. அதற்குப் பக்கத்தில் பச்சை வர வேண்டும் அல்லவா? வரவில்லை. நடுவில் நீல ஜோடி புகுந்து உட்கார்ந்திருந்தது. நீலம் முடிந்து, ஆறாவது இடத்தில்தான் பச்சை.

"சார், படம் தப்பு" என்றாள். "பச்சை ஜோடியப் பிரிச்சு நடுவுல நீலத்தச் சொருகி வச்சிருக்கான். அச்சடிக்கும்போது மாறிடுச்சு போல."

இஷ்தியாக் சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படித்தான் தெரியுது. ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி போட்டாச் சரிம்மா" என்றார்.

ஹெப்சி ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி பிரியாமல் அடுக்கினாள். நாற்பத்திரண்டு கேபிள், எண்பத்து நான்கு முனை. ஒவ்வொன்றையும் டெஸ்டரில் மாட்டிப் பார்த்தாள். ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தது. நெட்வொர்க் ஓடியது. சாதாரணமாக இல்லை, ஐந்து வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவளைக் கம்ப்யூட்டர் செக்ஷனுக்கே மாற்றினார்கள். நாற்காலி கிடைத்தது. நானே போய் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தேன்.

2003 ஆகஸ்டில் வந்தது கேடு.

ஆர்டர் விவரம், பெட்டி லேபிள் எல்லாம் கம்ப்யூட்டரில் உடனுக்குடன் ஓட வேண்டும் என்று வெளிநாட்டுப் பார்ட்டி சொன்னான். கேபிள் எல்லாம் வந்து சேர்கிற பழைய பெட்டி மெதுவானது. பத்து மடங்கு வேகமான சுவிட்ச் என்ற புதுப் பெட்டியை இஷ்தியாக் சார் சொல்லி வாங்கினார்கள். கேபிள்களையெல்லாம் பிடுங்கி அதில் மாட்டினார். முன்னால் பச்சை விளக்குகள் அழகாக எரிந்தன. ஆனால் உள்ளே ஒன்றும் ஓடவில்லை. திரையில் ஒரு பக்கம் திறக்கக் கால் மணி நேரம். லேபிள் பாதி வந்து நிற்கும். மூன்றாம் நாள் கன்டெய்னர் லாரி வாசலில் காத்திருந்து, பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் காலியாகத் திரும்பிப் போனது.

பழைய பெட்டியை எடுத்து மாட்டினார்கள். உடனே எல்லாம் ஓடியது! மறுபடி புதுசை மாட்டினார்கள், நின்றது. மறுபடி பழசு, ஓடியது. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? குழந்தைகூடச் சொல்லும், புதுப்பெட்டி டுபாக்கூர் என்று.

இஷ்தியாக் சார் மட்டும், "கேபிளையும் ஒரு தடவ பாத்துடணும்" என்றார். நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "இன்னா சார் இது? அஞ்சு வருஷமா ஓடற கேபிளு, நீங்க வாங்கின பெட்டி ஓடலைன்னதும் கெட்டுப்போச்சா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது.

ஒரு வாரத்தில் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். மேனேஜர் அப்துல் வஹீத் ஹெப்சியிடம் வாக்குமூலம் எழுதி வாங்கச் சொல்லி என்னை அனுப்பினார். "கமிஷன் கிமிஷன் ஏதாவது இருக்கும்னு பேசிக்கிறாங்க. அதையும் கேளு" என்றார்.

கேட்டேன். ஹெப்சி, "கேபிள் எல்லாம் டெஸ்ட் பண்ணது, எட்டு லைட்டும் எரியுது, அவ்ளோதான் எனக்குத் தெரியும். மத்தது எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். வாக்குமூலத்தை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். நான் அடித்தேன். அவள் சொன்னதை அடித்தேன். கடைசியில், கோபம் ஆறாமல், அவள் சொல்லாத ஒரு வரியையும் சேர்த்து அடித்தேன்: இவர் கமிஷன் பெற்றுக்கொண்டு மட்டமான பெட்டியை வாங்கினார் என்று நம்புகிறேன். பிறகு அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும் படிக்கவில்லை. அவள் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. சினேகிதியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது, சுவிட்ச் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தாள். ஹுமேரா என்று பெயர். வேலூர்ப் பெண், லாங் பஜாரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. புர்காவும் முதுகில் பையுமாக வந்து இறங்கினாள். "எங்க பெட்டி மேல குத்தம் சொல்றீங்க, அதான் பாக்க வந்தேன்" என்றாள் நேராகவே. கையில் தடியான டெலிபோன் மாதிரி ஒரு மீட்டர் இருந்தது. பேக்கிங் செக்ஷன் கேபிள் ஒன்றைக் கழற்றி அதில் மாட்டினாள். பக்கத்தில் ஹெப்சி. எட்டிப் பார்த்துக்கொண்டு நான்.

மீட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஃபெயில் என்றது.

அடுத்த கேபிள். ஃபெயில். அதற்கடுத்தது. ஃபெயில். ஹெப்சி அவசரமாகத் தன் டெஸ்டரை எடுத்து வந்து மாட்டினாள். எட்டு விளக்கும் எரிந்தன. "பாருங்க மேடம், எரியுதே! எரியுதே!" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"மேடம்லாம் வேணாக்கா, ஹுமேரான்னே சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "உங்க டெஸ்டர் கம்பி அறுந்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் பாக்கும். கம்பி அறுந்துபோகல. ஆனா ஜோடி பிரிஞ்சிருக்கு."

நான் பாய்ந்தேன். "யாரு கையப் பாத்து இன்னா சொல்றே? ஜோடி சேக்கறதுல இவள அடிச்சுக்க இந்த ஆம்பூர்லயே ஆள் இல்ல!"

ஹுமேரா கோபப்படவில்லை. சுவிட்சின் மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே பச்சைப் பலகையில், கேபிள் மாட்டுகிற வாயிலிருந்து செப்புக்கோடுகள் இரண்டிரண்டாகக் கிளம்பி, நடுவில் இருந்த சிப்புக்கு ஓடின. "இது கரண்ட் மாதிரி சும்மா ஓடறதில்லக்கா. பழைய பெட்டில ஒரு செகண்டுக்கு ஒரு கோடி துடிப்பு. இதுல பத்துக் கோடி. இவ்ளோ வேகத்துல ஒத்தக் கம்பில அனுப்பினா, பக்கத்துக் கம்பியெல்லாம் அது பேசறத ஒட்டுக் கேக்கும். அதனால ரெண்டு கம்பில அனுப்பறோம். ஒண்ணு ஏறும்போது ஒண்ணு இறங்கும். ரெண்டும் முறுக்கிக்கினு ஒட்டியே போனா, ஒண்ணு வெளிய விடற இரைச்சல இன்னொண்ணு அழிச்சிடும். வெளியிலேர்ந்து வர்ற இரைச்சலும் ரெண்டு மேலயும் ஒரே அளவு விழும். அந்தப் பக்கம் ரெண்டுக்கும் இருக்கற வித்தியாசத்த மட்டும்தான் படிக்கும். இரைச்சல் கழிஞ்சுபோயிடும்."

ஹெப்சி பலகையின் மேல் குனிந்தாள். விரலைத் தொடாமல் ஒரு கோட்டின் மேலேயே நகர்த்தினாள். "இது ஏன் இங்க வளைஞ்சு வளைஞ்சு போவுது? பக்கத்துக் கோடு நேராத்தான போவுது?"

"திருப்பத்துல வெளிப்பக்கக் கோடு நீளமாயிடுது இல்லியா? உள்பக்கக் கோடு முன்னாடி போய்ச் சேந்துட்டா ஜோடி கலைஞ்சுடும். அதான் வேணும்னே வளைச்சு நீளத்தச் சரி பண்ணியிருக்காங்க. ரெண்டும் ஒண்ணாப் போய்ச் சேரணும்."

ஹெப்சிக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. அவள் தலையசைத்த விதத்தில் தெரிந்தது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

"சரி, என் கேபிள்ல எது பிரிஞ்சுது?" என்றாள்.

"பெட்டிக்கு ஒண்ணும் ரெண்டும் ஒரு ஜோடி. மூணும் ஆறும் இன்னொரு ஜோடி. நடுவுல இருக்கற நாலும் அஞ்சும் டெலிபோனுக்குன்னு விட்ட இடம். நீங்க மூணுல பச்சை-வெள்ளை வச்சிருக்கீங்க. ஆறுல நீலம் வச்சிருக்கீங்க. பச்சை-வெள்ளை பச்சையோட முறுக்கிக்கினு வருது, நீலம் நீல-வெள்ளையோட முறுக்கிக்கினு வருது. ஜோடியா வேலை செய்ய வேண்டிய ரெண்டும் தனித்தனியா வேற ஆளோட வருது. ஒரு கோடி வரைக்கும் தாங்கிச்சு. பத்துக் கோடி தாங்கல. பெட்டி முன்னாடி பச்சை விளக்கு எரியறது மெதுவான துடிப்புல, அதனால அது மட்டும் எரியுது. பெட்டி நல்ல பெட்டிக்கா."

ஹெப்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. "ஏசப்பா!" என்றாள். "படம் சரியாத்தான் இருந்துதா? பச்சைக்கு நடுவுல நீலம், அது சரியா? நான்... நான்தானே மாத்தினேன்?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "பொன்மலரு, அந்த மனுஷன் வேல போவப்போவுதேடி!" என்றாள்.

என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? ஹெப்சியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "வாய மூடிக்கினு இரு. இந்தப் பொண்ணும் நீயுமா எல்லா முனையும் வெட்டி மாத்திடுங்க. கேபிள் பழசாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். உன் வேலைக்கு உலை வச்சுக்காத" என்றேன்.

"நான் எழுதிக் குடுத்தத வச்சுத்தானே அவர விசாரிக்கறாங்க?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

அவள் என்னைத் தள்ளிவிட்டாள். ஹுமேராவிடம் கத்தரி வாங்கி, பேக்கிங் செக்ஷன் கேபிள் முனையைத் தானே வெட்டி, அந்தக் கனெக்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராக அப்துல் வஹீதின் அறைக்குள் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை. "சார், தப்பு பெட்டில இல்ல. இஷ்தியாக் சார் மேலயும் இல்ல. என் கையில" என்றாள். எண்பத்து நான்கு முனையும் தான் போட்டது என்றும், படத்தை மாற்றியது தான் என்றும், வேலையிலிருந்து எடுத்தாலும் சரி என்றும் சொன்னாள். அப்துல் வஹீத் கனெக்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தெரியாமச் செஞ்சதுதானே, விடு. இதுக்குப் போயி வேலைய எடுப்பாங்களா?" என்றார். அவ்வளவுதான்! அவளுக்கு ஒரு மெமோகூட இல்லை.

அடுத்த இரண்டு நாள் ஹெப்சியும் ஹுமேராவும் ஹால் ஹாலாகப் போய் எல்லா முனையையும் வெட்டி, படத்தில் இருந்தபடியே போட்டார்கள். புதுப்பெட்டி அப்படி ஓடியது, லேபிள் மிஷின்காரன் பேப்பர் போட்டு மாளவில்லை என்றான்.

திங்கட்கிழமை இஷ்தியாக் சாரைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டை தோளில் தொங்கியது. சஸ்பென்ஷன் ரத்துக் கடிதத்தோடு நான் நின்றிருந்தேன். அப்துல் வஹீத் எழுந்து நின்று, "ஏதோ நடந்துபோச்சு பாய், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். ஹெப்சி கையைக் கூப்பினாள். "சார், கேபிளத் தப்பாப் போட்டு உங்கள இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டேன்" என்றாள்.

"கேபிள் ஒரு பெரிய தப்பே இல்லம்மா" என்றார் அவர். "அந்தப் படத்த நானும்தான் பாத்தேன், நானும்தான் தலையாட்டினேன். அதுல உனக்குப் பாதி, எனக்குப் பாதி." சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். விசாரணைக் கடிதத்தோடு அவருக்கு அனுப்பியிருந்த, நான் அடித்த வாக்குமூலத்தின் நகல். "ஆனா நான் கமிஷன் வாங்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கியே, அத எந்த டெஸ்டர்ல பாத்த?"

ஹெப்சி அவரைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை, "இவதான் சார்" என்ற ஒரே வார்த்தை போதும். சொல்லவில்லை. "கையெழுத்து என்னுதுதான் சார்" என்றாள். நான்? ஊரையே வாயால் அளப்பவள், கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன். அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலைக்குத் திரும்பவே இல்லை.

மாடிப்படித் திருப்பத்தில் ஹெப்சி என்னை நிறுத்தினாள். "அந்த வரிய நீதான அடிச்ச?" "ஆமா" என்றேன். பளார் என்று கன்னத்தில் விழுந்தது. பன்னிரண்டு வருஷச் சினேகத்தில் அவள் என்மேல் ஒரு சுடுசொல்கூட வீசியதில்லை. காது கொய்யென்றது. எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே அதிர்ச்சி. "வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினாள்.

இஷ்தியாக் சார் வீட்டில் இல்லை. அவர் மனைவி அன்வரி பேகம்தான் கதவைத் திறந்தார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, ஹெப்சி தன் பங்கைச் சொன்னாள். என்னை முன்னால் தள்ளினாள். "அந்தக் கமிஷன் வரிய நான் அடிச்சேன். இவளுக்குத் தெரியாது. சாரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கோபத்துல அடிச்சேன்" என்றேன். கேட்டால் காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பியிருக்கலாம்.

அன்வரி பேகம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவரு வாங்கலைன்னு எனக்குத் தெரியாதா? எங்க பெரியவ ஏழாவது படிக்கறா. கமிஷன்காரன் பொண்ணுன்னு சொல்றாங்கன்னு இருவது நாளா இஸ்கூலுக்குப் போவல. உள்ள வந்து அவகிட்ட சொல்லு" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் தம்பி. ஹெப்சி கதவருகே நின்றுகொண்டாள். இந்தத் தடவை எனக்கு உதவ வரவில்லை. அந்தப் பெண் எழுந்து, பெரியவர்கள் வந்தால் எழ வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தபடி எனக்கு சலாம் சொன்னாள்.

"உங்க அப்பா ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் பொய் எழுதினேன்" என்றேன்.

"ஏன் ஆன்ட்டி?" என்றாள்.